அறையில் கெட்டில் மட்டும்: தனிப்பயணம், உடல்நலம், சிக்கனம் பற்றி மொரீஷியஸ் வாசகர் கேள்விகள்

கேள்வி: மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரிகஸ் தீவுக்கு 8 நாள் தனியாகப் போகிறேன். எடுத்திருக்கும் அறையில் கெட்டில் உண்டு, அடுப்பு கிடையாது. போன தடவை ரொட்டியும் நூடுல்ஸுமாகச் சாப்பிட்டுக் காசை மிச்சம் பிடித்தேன். மூன்றாம் நாளே கால் ஓய்ந்துவிட்டது. ஃபிளாஸ்க்கில் பருப்பும் பீன்ஸும் வேகவைக்கலாம் என்கிறார்களே, சரிவருமா?
— வாசகி, ரோஸ் ஹில்

பதில்: பருப்பு சரிவரும். ரொட்ரிகஸின் பேர்போன சிவப்பு பீன்ஸை மட்டும் ஃபிளாஸ்க்கில் போடவே போடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. 5 மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டால்தான் அது அழியும். ஃபிளாஸ்க்கின் சூடு 80 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தச் சூட்டில் பீன்ஸ் மெத்தென்று ஆகும், நச்சு போகாது. பச்சையாகத் தின்பதைவிட அது மோசம். நாலைந்து பீன்ஸ் போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். தனியாக இருக்கும் இடத்தில் இந்த விபரீதம் வேண்டாம். ரொட்ரிகஸின் தலைநகரான போர்ட் மாதுரினின் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து குக்கரில் வையுங்கள்.

ஃபிளாஸ்க்குக்கு ஏற்றது தோல் நீக்கி உடைத்த மசூர் பருப்பு. 1 லிட்டர் பிடிக்கும், வாய் அகன்ற ஸ்டீல் ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். அரை கப் (100 கிராம்) பருப்பைக் கழுவி 1 மணி நேரம் ஊறவைத்து வடித்து உள்ளே போடுங்கள். அது மூழ்கக் கொதிநீர் ஊற்றி, மூடி, 3 நிமிடம் கழித்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஃபிளாஸ்க்கும் பருப்பும் சேர்ந்து சூடேறுவதற்காகத்தான் இது. பலரும் இதைச் செய்யாமல் விடுகிறார்கள்; குளிர்ந்த பருப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ள, பாதி வெந்து நின்றுவிடுகிறது. பிறகு மஞ்சள்தூள் போட்டு, கழுத்துவரை மறுபடி கொதிநீர் ஊற்றி இறுக மூடி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். பாதி ஃபிளாஸ்க் காலியாக இருந்தால் சூடு நிற்காது. வெந்ததும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அப்போதே சாப்பிடுங்கள். காலையில் வைத்ததை ராத்திரிக்கு வைத்திருக்கக் கூடாது.

உங்கள் கால் ஓய்ந்ததற்குப் புரதக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் நாள் முழுக்க நடந்தால் 60 கிராமாவது வேண்டும். மேலே சொன்ன பருப்பில் 24, இரண்டு முட்டையில் 12, நீர் வடித்த 100 கிராம் டின் மீனில் 20-க்குச் சற்று மேல். மீதி ரொட்டியிலும் ஓட்ஸிலும் வந்துவிடும். முட்டையை வீட்டுக்காரரிடம் சொன்னால் பெரும்பாலும் அவித்தே தருவார்கள்.

சிக்கனத்தைப் பற்றியும் ஒன்று. அங்கே பஸ் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். இருட்டியபின் சாப்பாடு தேடி டாக்ஸி பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். அறையை இன்னும் மாற்ற முடியுமென்றால் இரவுச் சாப்பாட்டோடு தரும் வீட்டைப் பாருங்கள். காலையும் மதியமும் உங்கள் ஃபிளாஸ்க் பார்த்துக்கொள்ளும். பருப்பு, ஓட்ஸ் போன்றவற்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள், அங்கே பெரும்பாலானவை கப்பலில் போய்த்தான் சேர்கின்றன. பெட்டிக்கான எடை வரம்பை டிக்கெட்டில் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லெ பூஸ், லெ மோர்ன் மலைகள் இரண்டில் எதைத் தனியாக ஏறலாம்? வழிகாட்டிக்குக் கொடுக்கப் பணமில்லை.
— வாசகர், காத்ர் போர்ன்

பதில்: லெ பூஸ். 812 மீட்டர், 1836-ல் சார்லஸ் டார்வின் ஏறிய மலை. மோக்கா பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்தின் ஊடே போகும் பாதை தெளிவானது. கட்டைவிரல் போல நிற்கும் உச்சிப் பாறையில் மட்டும் கையையும் ஊன்றி ஏற வேண்டும். லெ மோர்ன் 556 மீட்டர்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் மேல்பகுதி செங்குத்தான பாறை, தவறினால் தூக்கிவிட ஆள் வேண்டும். அதற்குத் துணையோடு போங்கள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தால் லெ பூஸும் வேண்டாம், மண் வழுக்கும். முழங்கால் கெடுவது இறக்கத்தில்தான்: அடியைச் சிறிதாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்குங்கள். 2 லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். அதில் 1 லிட்டரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலை தட்டி அளந்து, கலந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கும் விளையாட்டுப் பானம் தேவையில்லை. உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை போனால் பாதையில் மற்றவர்களும் இருப்பார்கள்.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறேன். லீவு நாளெல்லாம் பஸ்ஸிலும் நடையிலும் தீவைச் சுற்றுகிறேன். ஜிம் சந்தாவை நிறுத்திவிடலாமா?
— வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: தாராளமாக. ஆனால் நடை காலுக்குத்தான், முதுகுக்கும் தோளுக்கும் ஒன்றும் செய்யாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் 6 சேர்ந்தால் 9 கிலோ. அவற்றை முதுகுப்பையில் துண்டு வைத்து ஆடாமல் அடுக்குங்கள். இடுப்பிலிருந்து குனிந்து, முதுகை வளைக்காமல், பையை வயிற்றை நோக்கி 12 தடவை இழுங்கள். அடுத்து தண்டால் 10, பையை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுவது 15. இந்த மூன்றையும் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல், இறங்கும்போது 3 எண்ணி மெதுவாக இறங்குங்கள். மலையேறப் போவதற்கு முந்தைய 2 நாளும் உட்கார்ந்து எழுவது கூடாது, தசைவலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு 10 நாள் விரதம். அந்த நாட்களில் தனியாகக் கடலோரம் தினமும் 10 கிலோமீட்டர் நடக்க ஆசை. ஒருவேளைதான் சாப்பாடு.
— வாசகி, க்யூர்பீப்

பதில்: ஜனவரி, பிப்ரவரி வெயிலில் அது வேண்டாம். 4 கிலோமீட்டர் போதும், காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்த ஒருவேளைச் சாப்பாட்டில் சோற்றைவிடப் பருப்பு முன்னால் நிற்கட்டும். கூட ஒரு கட்டு ப்ரேட் முரூம், அதாவது நம் முருங்கைக்கீரை. சந்தையில் மலிவாகவே கிடைக்கும். ரசத்தை உப்போடு தாராளமாகக் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ அன்றைக்கு நடையை நிறுத்திவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், விரதம் தொடங்குமுன் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் முதல் நிலையிலேயே வீடு திரும்புங்கள்; எச்சரிக்கை கூடக்கூட பஸ் ஓடாது.