அம்மா எதில் கையெழுத்துப் போட்டார்?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் கேட்டியில் வசித்த என் அண்ணன் இரண்டரை ஆண்டுக்கு முன் ஹூஸ்டன் மருத்துவமனையில் காலமானார். குழந்தைகள் இல்லை. அப்பா முன்பே தவறிவிட்டார். 78 வயது அம்மா என்னோடு இருக்கிறார். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் அங்கே வீடு வாங்கியிருந்தார். உயில் எழுதினாரா என்று கேட்டால், “கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது” என்கிறார் அண்ணி. சென்ற ஆண்டு அவர் அனுப்பிய சில தாள்களில் அம்மாவும் நானும் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினோம். ஹாரிஸ் கவுன்டி இணையதளத்தில் அண்ணன் பெயரைத் தேடினேன், ஒன்றும் இல்லை. அண்ணி எங்களை ஏமாற்றுகிறாரா? அந்த நீதிமன்ற ஆவணங்களை இங்கிருந்து பார்க்க முடியுமா?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

தம்பி, ஆவணங்களைப் பார்க்க முடியும். அதற்கு வருவதற்கு முன், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “சில தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்” என்று, அதைப் பேச வேண்டும். என்ன தாள்? தலைப்பு என்ன? எத்தனை பக்கம்? நகல் எடுத்து வைத்தீர்களா? கைப்பேசியில் ஒரு படமாவது? உங்கள் கடிதத்தில் இதற்கெல்லாம் பதிலே இல்லை. ஆங்கிலம் தெரிந்த மகன் பக்கத்தில் நிற்கிறான் என்ற ஒரே தைரியத்தில்தான் அந்த அம்மா பேனாவை எடுத்திருப்பார். நீங்களோ படிக்காமலே போடச் சொல்லியிருக்கிறீர்கள். ‘ஏமாற்றுகிறாரா’ என்ற சொல்லை அண்ணியின் மேல் வீசும் முன், அன்றைக்கு உங்கள் கடமையைச் செய்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது தேடி அலைவது அன்று உங்கள் கையிலேயே இருந்திருக்கக்கூடும். டெக்சஸ் நீதிமன்றத் தாளுக்கு ஒரு முகம் உண்டு. உச்சியில் வழக்கு எண். அதன் கீழே இடப்பக்கம் ‘எஸ்டேட் ஆஃப்’ என்று தொடங்கி இறந்தவர் பெயர், பிறகு ‘டிசீஸ்டு’, அதாவது காலமானவர். வலப்பக்கம் நீதிமன்றத்தின் பெயரும் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) பெயரும். நடுவே எஸ் எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போன்ற குறி, வரிசையாக நாலைந்து. இந்த அடையாளம் நினைவிருக்கிறதா என்று அம்மாவிடமும் கேளுங்கள். நோட்டரியின் பதிவேட்டில் அந்தத் தேதியில் ஆவணத்தின் பெயரைக் குறித்திருப்பார், அதையும் போய்ப் பாருங்கள். கூரியர் கடையில் ஸ்கேன் செய்திருந்தால் மின்னஞ்சலில் இன்னும் கிடக்கலாம். வழக்கு எண் கிடைத்துவிட்டால் கீழே சொல்லும் தேடலில் பாதி தேவையில்லை.

உயில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். அதற்கும் அந்தத் தாள்தான் சாட்சி. எல்லாம் மனைவிக்கே என்று முறையான உயில் இருந்திருந்தால், அதை டெக்சஸில் நிரூபிக்க உங்கள் இருவர் கையெழுத்து பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது. உயிலில் அம்மாவுக்கு ஏதாவது எழுதியிருந்தால், உயில் ஏற்கப்பட்ட 60 நாளுக்குள், உயிலை நிறைவேற்றும் நிர்வாகி அம்மாவுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் விடலாம், அப்படியொரு தாளாகவும் அது இருக்கலாம். ஆனால் உங்கள் கையெழுத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள் என்றால், உயில் இல்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

உயில் இல்லாவிட்டால் கணக்கு இப்படி வரும். திருமணத்துக்கு முன் வாங்கிய வீடு டெக்சஸ் சட்டத்தில் அவருடைய தனிச்சொத்து. பிள்ளை இல்லாதவரின் தனிச்சொத்தான நிலம், வீட்டில் பாதி மனைவிக்கு. மறுபாதியில் அப்பா இல்லாததால் சரிபாதி அம்மாவுக்கு, மீதி உடன்பிறந்தவருக்கு. அதாவது வீட்டில் அம்மாவுக்குக் கால், உங்களுக்குக் கால். திருமணத்துக்குப் பின் சம்பாதித்த, கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து முழுவதும் மனைவிக்கு. தனிச்சொத்திலும் பணம், கார் போன்றவை மனைவிக்கே. கால் பங்கு என்றதும் வீட்டை விற்றுத் தரச் சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். அந்த வீட்டில் ஆயுள் முழுக்க வசிக்கும் உரிமையை டெக்சஸ் அரசமைப்புச் சட்டமே வாழ்க்கைத் துணைக்குக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததும் நியாயம்தான். கணவனைப் பறிகொடுத்த பெண்ணைக் கூரைக்காக அலைய வைக்கக் கூடாது.

ஆகவே கேள்வி, நீங்கள் போட்டது எந்தக் கையெழுத்து என்பதுதான். மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம். ‘வெய்வர்’ என்று தலைப்பிட்டது என்றால், பெரும்பாலும் நீதிமன்ற அறிவிப்பை எங்களுக்கு முறைப்படி சேர்ப்பிக்க வேண்டாம் என்பதோடு சரி, பங்கு போகாது. ‘டிஸ்கிளெய்மர்’ என்றால் எனக்கு வரும் பங்கு வேண்டாம் என்று துறப்பது. அது செல்லுபடியாகிவிட்டால் திரும்பப் பெற முடியாது. ‘டீட்’, அதாவது பத்திரம், என்ற சொல் இருந்தால் பங்கையே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரே தாளில் வெய்வரையும் துறப்பையும் சேர்த்து எழுதுவதும் உண்டு, அதனால் தலைப்போடு நிற்காமல் உள்ளேயும் படிக்க வேண்டும்.

இனித் தேடல். ஹாரிஸில் ஒன்றும் இல்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். உயிர் பிரிந்த மருத்துவமனை ஹாரிஸில் இருக்கலாம், ஆனால் வழக்கு நடப்பது இறந்தவர் நிரந்தரமாக வசித்த கவுன்டியில். கேட்டி என்ற ஊரோ ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுன்டிகளில் கால் வைத்து நிற்கிறது. இறப்புச் சான்றிதழில் இறந்த கவுன்டி ஒரு கட்டத்திலும் வசித்த கவுன்டி வேறொரு கட்டத்திலும் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள். சான்றிதழ் கையில் இல்லையென்றால், சொத்து வரிக்கு மதிப்பிடும் ‘அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்’ ஒவ்வொரு கவுன்டிக்கும் உண்டு. அதன் தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்துக் காசில்லாமல் தேடலாம். எந்தக் கவுன்டியின் பட்டியலில் வீடு வருகிறதோ அதுதான் நீங்கள் போக வேண்டிய இடம். இப்போது உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் உயில், வாரிசு வழக்குகளின் கோப்புகளை வைத்திருப்பவர் கவுன்டி கிளார்க். (கலிபோர்னியா என்றால் சுப்பீரியர் கோர்ட், நியூயார்க் என்றால் சரகேட் கோர்ட், பென்சில்வேனியா என்றால் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ். இதைப் படிக்கும் மற்றவர்கள் மாநிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.) பேசர் என்ற தளத்தில் தேடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது மத்திய நீதிமன்றங்களுக்கானது. பணம் கேட்கும் தனியார் ‘பப்ளிக் ரெக்கார்ட்ஸ்’ தளங்களும் வேண்டாம்.

கவுன்டி கிளார்க் தளத்தில் ‘புரொபேட்’ என்ற உயில், வாரிசு வழக்குப் பிரிவுக்குள் போய்ப் பெயரைத் தேட வேண்டும். நம்மவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அங்கே பட்டியல் குடும்பப் பெயர்ப்படி இருக்கும், நமக்கோ அப்படியொன்று கிடையாது. கந்தசாமி மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தாள்களில் கந்தசாமி குடும்பப் பெயராகியிருக்கலாம், முருகேசனே ஆகியிருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்திருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து ஏறியிருக்கும், அதுவே பெயர்போல நிலைத்தும் போயிருக்கலாம். எனவே இரண்டு பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் மாற்றி மாற்றிப் போடுங்கள். கந்தசாமியின் கடைசியை ஒய்யில் முடித்தும் ஐயில் முடித்தும், நடுவில் எஸ்.ஏ., எஸ்.டபிள்யூ.ஏ. என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேட வசதியிருந்தால் அதுவே மேல். தேதியை இறந்த நாளிலிருந்து இன்று வரை விரித்து வையுங்கள்.

வழக்கு எண் கிடைத்ததும் மொத்தக் கோப்பையும் கேட்காதீர்கள். முதலில் என்னென்ன தாக்கலாகியிருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். பிறகு தேவையானதை மட்டும் வாங்குங்கள்: முதல் மனு, உயில் இருந்தால் உயில், நீதிபதியின் உத்தரவு, உங்கள் இருவர் கையெழுத்துள்ள தாள்கள். சாதாரண நகல் பக்கத்துக்கு 1 டாலர். சான்றிட்ட நகலுக்குச் சான்றுக் கட்டணம் 5 டாலரும் பக்கத்துக்கு 1 டாலரும். படித்துப் பார்க்கச் சாதாரண நகலே போதும். தளத்தில் படம் திறக்காவிட்டால் புரொபேட் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். இறந்தவரின் பெயர், அதன் மற்ற வடிவங்கள், இறந்த தேதி, வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதினால் போதும். குடும்பக் கதை வேண்டாம். எழுத்தர்கள் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது அனுமதியில்லை.

உயில் இல்லாமல் வாரிசுகளைத் தீர்மானிக்கும் வழக்காக இருந்தால், குடும்ப விவரத்தை விவரிக்கும் தாள் ஒன்று கோப்பில் இருக்கும். பெற்றோர் யார், உடன்பிறந்தவர் யார், உயிரோடு இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதியது. தெரியாத வாரிசுகளுக்காக நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமித்திருக்கும். அம்மாவின் பெயர் அதில் சரியாக இருக்கிறதா, தீர்ப்பில் யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

சரியான கவுன்டியிலும் புரொபேட் வழக்கு இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள். அதே கிளார்க்கிடம் நிலப் பதிவுகள் தனிப் பட்டியலில் இருக்கின்றன. அண்ணன் பெயரிலும் அண்ணி பெயரிலும் அங்கே தேடுங்கள். குடும்பத்தை அறிந்த, சொத்தில் ஆதாயமில்லாத இருவர் சாட்சியோடு ‘அஃபிடவிட் ஆஃப் ஏர்ஷிப்’ என்ற வாரிசுப் பிரமாணப் பத்திரத்தைப் பதிவு செய்து, கோர்ட் வாசலை மிதிக்காமலே வீட்டுக் காரியத்தை முடிக்கும் வழக்கம் டெக்சஸில் உண்டு. எழுதிக் கொடுத்த பத்திரம் இருந்தாலும் இந்தப் பட்டியலில்தான் ஏறும். “கோர்ட்டில் முடிந்தது” என்று அண்ணி சொன்னது இதையாகவும் இருக்கலாம்.

காப்பீட்டுப் பணமும் ஓய்வுக்காலச் சேமிப்பும் இந்தக் கோப்புகளில் இருக்காது. யார் பெயரைக் குறித்திருக்கிறதோ அவருக்கு நேராகப் போய்விடும். வேலை பார்த்த நிறுவனம் நடத்தும் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் என்றால், மனைவி எழுதிக் கொடுத்தாலொழிய மனைவிக்கே. அது கோப்பில் காணவில்லை என்று ஒளித்ததாக நினைக்காதீர்கள். உயில் வைத்து, நீதிமன்ற மேற்பார்வை அதிகமின்றிச் செயல்படும் தனி நிர்வாகி நியமனமான வழக்கில் சொத்துப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு பிரமாணப் பத்திரம் மட்டுமே இருக்கலாம். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

காலக்கெடுவையும் மனதில் வையுங்கள். உயிலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர, இறந்த நாளிலிருந்து பொதுவாக 4 ஆண்டு. ஏற்கப்பட்ட உயிலை எதிர்க்க, ஏற்ற நாளிலிருந்து பொதுவாக 2 ஆண்டு. தாள் துறப்பாகவோ பத்திரமாகவோ இருந்தால் டெக்சஸ் வழக்கறிஞரிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை மட்டும் அனுப்பினால் அங்கே வேலை நடக்காது.

இத்தனையும் தொடங்குவதற்கு முன் அண்ணிக்கு ஒரு போன் செய்யுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும். முதலில் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணின் உடல்நிலை, வேலை, தனிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு, “அண்ணி, நாங்கள் அன்றைக்கு நகல் எடுக்காமல் அனுப்பிவிட்டோம், தப்பு எங்களுடையது. வழக்கு எண்ணும் அந்தத் தாள்களின் நகலும் அனுப்புங்கள்” என்று நேராகக் கேளுங்கள். கொடுத்தாலும் கிளார்க்கிடம் ஒரு நகல் வாங்கிச் சரிபாருங்கள், கொடுக்காவிட்டாலும் வாங்குங்கள். உயிலோ மனுவோ தாக்கலானபின் பொது ஆவணம், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நகல் வந்ததும் அம்மாவை உட்காரவைத்து, அவர் கையெழுத்துள்ள பக்கத்தை முதலில் தமிழில் சொல்லுங்கள். ஒரு வரியையும் தாண்டாதீர்கள். உயில் இல்லையென்றால், துறந்தோ எழுதிக் கொடுத்தோ விடவில்லையென்றால் கால் பங்கு அவருடையது. மருமகளுக்கே இருக்கட்டும் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. வேண்டும் என்று சொன்னால் வழக்கறிஞரைப் பாருங்கள்.