அணியின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

கேள்வி: பள்ளி மாணவர்களுக்குக் கவிஞர்களையும் கவிதைகளையும் அணிகளையும் சலிப்புத் தட்டாமல் நடத்துவது எப்படி?

தமிழாசிரியன் என்பதால் சொல்கிறேன், நாம் நடத்தும் வரிசைதான் சிக்கல். ஆசிரியர் குறிப்பு, சொற்பொருள், பாடல், பொழிப்பு, கடைசியில் 'இப்பாடலில் பயின்றுவந்துள்ள அணி'. பாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. என் வகுப்பில் காட்சிதான் முதலில் வரும். பிறகு பாட்டு. அணியின் பெயர், அது கைக்குப் பழகிய பிறகு.

தற்குறிப்பேற்ற அணியையே எடுத்துக்கொள்வோம். 'இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது' என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், ஒப்பிப்பார்கள், தேர்வோடு மறந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் ஒரு கோட்டை மதிலையும் அதன்மேல் காற்றில் ஆடும் கொடியையும் வரையுங்கள். "இந்தக் கொடி ஏதோ சொல்கிறது, என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார்கள், சொல்லட்டும். பிறகு, இந்த ஊருக்குள் ஒருவன் சிலம்பு விற்கப் போகிறான், உயிரோடு திரும்ப மாட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். "வராதேன்னு சொல்லுது" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். உடனே சிலப்பதிகாரத்தைப் படித்துவிட வேண்டும்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

தான் சொன்னதையே இளங்கோவடிகளும் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்!

இதோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். கம்பன் மிதிலையிலும் கொடிகளைப் பறக்கவிடுகிறான். இராமன் ஊருக்குள் வரப்போகிறான், சீதை உள்ளே இருக்கிறாள். 'செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி' அந்த நகரம் அவனை 'ஒல்லை வாவென்று அழைப்பது போன்றது' என்கிறது பாட்டு. மதுரைக் கொடி வராதே என்றது, மிதிலைக் கொடி சீக்கிரம் வா என்கிறது. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இரண்டு ஊரிலும் அடித்தது காற்றுதானே, ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "கொடி ஒண்ணும் சொல்லலைங்க ஐயா, எழுதினவர் மனசுல இருக்கறது அது" என்று அவர்களே வந்து சேர்வார்கள். இலக்கணம் அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. இப்போது பெயரைச் சொல்லுங்கள், தற்குறிப்பேற்றம் என்று. 'கொடிகள் என்னும் கைகள்' உருவகம் என்பதையும் அந்தச் சூட்டோடு காட்டிவிடலாம்.

அடுத்து, கவிஞர்கள். பிறந்த ஊர், பெற்றோர், இயற்றிய நூல்கள் என்ற கட்டத்தை நான் பாட்டு முடிந்த பிறகுதான் தொடுவேன். சங்கப் புலவர் சிலரிடம் அந்தக் கட்டமே செல்லாது. இயற்பெயர்கூடக் கிடைக்காமல், பாட்டில் வரும் தொடராலேயே அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள். குறுந்தொகையில் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். பாட்டைக் காட்டாமல் இந்தப் பெயர்களை மட்டும் எழுதிப் போட்டு, இவர் என்ன பாடியிருப்பார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். 'அணிலாடு முன்றில்' என்றதும் எல்லாரும் ஏதோ குறும்பான குழந்தைப் பாட்டு என்றே நினைப்பார்கள். குறுந்தொகை 41ஐப் படித்தால் முகம் மாறும். ஆட்கள் வெளியேறிப்போன சிற்றூரின் வெறும் வீடு அது. காதலன் பிரிந்த நாளில் நான் அந்த வீட்டைப்போல் பொலிவிழந்து வருந்துகிறேன் என்கிறாள் தலைவி. 'வெறும் வீடு போல' என்று சொல்லியிருக்கலாமே, அணில் எதற்கு? இந்த ஒரு கேள்விக்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம். மனித நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்துக்கு நடுவில் வந்து விளையாடுமா என்று யாராவது கேட்பார்கள். அதுதான் விடை. உவமை, உவமேயம், உவம உருபு என்று பிரித்து எழுதுவது ஐந்து நிமிட வேலை, அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிப் பழகிய பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும், எதைப் படித்தாலும் 'போல' எங்கே என்று தேடுவார்கள். அப்போது புறநானூறு 112ஐக் கொடுப்பேன். 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்' என்று பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி, உவமையே கிடையாது. சென்ற திங்கள் நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்தத் திங்கள் நிலவில் குன்றை வேந்தர் கொண்டார், தந்தையும் இல்லை. இந்தப் பாட்டுக்கு மட்டும் பாரியின் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பறம்பு மலையையும் மூவேந்தர் முற்றுகையையும் சேர்த்து. பாடியவர் யாரென்று தெரியாவிட்டால் இதன் வலி பாதிகூட எட்டாது.

எழுதவும் வையுங்கள். பொறாமை, காத்திருப்பு, தேர்வுக்கு முந்தைய இரவு என ஏதாவது ஒன்றைக் கொடுத்து, தாங்களே கண்ணால் பார்த்த பொருளை உவமையாக வைக்கச் சொல்லுங்கள். நிலா, மலர், தேன் மூன்றுக்கும் தடை. நன்றாக எழுதியவருக்கு அந்த உவமையையே பெயராகச் சூட்டிவிடுங்கள், சங்கப் புலவருக்கு வாய்த்ததுபோல. (கேலிப் பெயராகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பறை வகுப்பறைதான்.)

தேர்வுத்தாள் உங்கள் கையில் இருந்தால், 'இது என்ன அணி?' என்பதற்கு ஒரு மதிப்பெண் போதும். 'அணிலை எடுத்துவிட்டால் பாட்டில் எது குறையும்?' என்பதற்கு நான்கு கொடுங்கள்.