என் குரலில் பேசியது நான் அல்ல: எப்படி நிரூபிப்பது?

கேள்வி: காரைக்குடியில் இருக்கும் என் தாயாருக்குப் புதிய எண்ணிலிருந்து என் குரலில் அழைப்பு வந்தது. விபத்தில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லவும், பதறிப்போய் 60,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பிவிட்டார். அப்போது நான் பெங்களூரு அலுவலகத்தில் இருந்தேன். அழைப்பு அவருடைய கைப்பேசியில் தானாகப் பதிவாகியிருக்கிறது. நான் அவரை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவேன். அதில் 'அம்மா' என்று வருகிறது. இருந்தும் உறவினர்கள், "உன் குரல்தானே" என்று என்னையே சந்தேகிக்கிறார்கள். ஆய்வகத்தில் நிரூபிக்க முடியுமா?

பதில்: முதலில் பணம். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930இல் இன்னும் புகார் சொல்லவில்லை என்றால் உடனே அழையுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்க வழி உண்டு.

உறவினர்களின் காதை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் அறிவித்த வால்-ஈ மென்பொருள், ஒருவருடைய 3 விநாடிப் பேச்சை வைத்தே அவர் குரலைப் போலப் பேசியது. கல்யாண வீடியோ ஒன்றில் நீங்கள் வாழ்த்துச் சொன்னதே அதற்குத் தாராளம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. 'இந்தக் குரல் இவருடையதோடு ஒத்துப்போகிறதா?' என்பது ஒரு கேள்வி. 'இது மனிதர் பேசியதா, கணினி உருவாக்கியதா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை மட்டும் கேட்டால் விடை உங்களுக்கு எதிராகவே வரக்கூடும். ஒத்துப்போக வேண்டும் என்றுதானே அந்தப் போலியைச் செய்திருக்கிறார்கள்! இரண்டு கேள்விகளையும் சேர்த்து அனுப்பும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். குரல் மாதிரி கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

நிபுணர் ஒலியை நிறமாலைப் படமாக, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக ஒலித்தது என்று காட்டும் படமாக, விரித்துப் பார்ப்பார். பதற்றத்தில் பேசுகிறவர் நடுநடுவே மூச்சு இழுப்பார். படத்தில் அது மங்கலான புகைபோல் தெரியும். போலிக் குரலில் அந்த மூச்சு இல்லாமல் போகலாம், அல்லது பொருந்தாத இடத்தில் வந்து நிற்கலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பின்னணி ஓசை சட்டென்று அறுந்து போகிறதா என்றும் பார்ப்பார். ஆனால் கைப்பேசியே இரைச்சலை அடக்கி அப்படிப்பட்ட மௌனத்தை உண்டாக்கும். போதாக்குறைக்கு, பழைய முறை அழைப்பில் சுமார் 3,400 ஹெர்ட்சுக்கு மேலுள்ள ஒலி வெட்டுப்பட்டுவிடும். 4ஜி வலையமைப்பு வழியாகவே பேசும் வோல்ட்டீ அழைப்பில் பொதுவாக 7,000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளில் கிடைக்கக்கூடிய தடயங்கள் பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கும். ஆகவே 'போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவில்தான் அறிக்கை வரும் என்று எதிர்பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் 'போலி கண்டறியும்' செயலிகள் காட்டும் விழுக்காட்டை யாரிடமும் சான்றாக நீட்டாதீர்கள்.

அந்தப் பதிவைத் தொடாதீர்கள். வெட்டுவதும், வேறு வடிவத்துக்கு மாற்றுவதும், ஒலிபெருக்கியில் ஓடவிட்டு இன்னொரு கைப்பேசியில் பதிவதும் தடயத்தைக் கெடுத்துவிடும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் பேச்சுக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் வசதி இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, கைப்பேசியையே காவல் நிலையத்தில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். நகலைச் சான்றாகக் கொடுப்பதானால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) கூடிய சான்றிதழ் வேண்டும்.

ஒலித் தடயவியலே என் பிழைப்பு என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களை விடுவிக்கக் குரல் அறிக்கையைவிட வலுவானவை வேறு இருக்கின்றன: பணம் போய்ச் சேர்ந்த கணக்கு யாருடையது, அந்தப் புதிய எண் எந்தக் கோபுரத்திலிருந்து பேசியது, அதே நேரத்தில் உங்கள் கைப்பேசி எங்கே இருந்தது, அலுவலக வருகைப் பதிவு என்ன சொல்கிறது. இவற்றைத் திரட்டும்படி புகாரிலேயே கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகளையும் குறிப்பிடுங்கள்.

இனிமேல் வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்தால் போதும் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள். ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ கூட்டத்தில் அதிகாரிகளின் போலி உருவங்களைப் பார்த்து நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிய செய்தி 2024இல் வெளியானது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, தெரிந்த எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்க உங்கள் ஆத்தாவைப் பழக்குங்கள்.

அந்த 'அம்மா' என்ற விளியைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். குரலைத் திருடியவனுக்கு உங்கள் வீட்டுப் பேச்சு தெரியவில்லை. வேறு எந்தச் சொல் அவருக்கு அந்நியமாகப் பட்டது, கேள்வி கேட்டபோது பதில் வரத் தாமதமானதா என்றெல்லாம் அவரைச் சொல்லச் சொல்லி, தேதியிட்டு இன்றே எழுதி வையுங்கள். நாலு பேர் பேசிப் பேசி அவருடைய நினைவு கலங்குவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.