விமான தூரமும் நேரமும்: கேளுங்க, சொல்றேன்

ஃப்ளைட்டுக்கு ரூட் பிளான் போடுற வேலைல கொஞ்ச வருஷம் இருந்தவன். தூரம், நேரம் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்க.

கேள்வி: அண்ணா, சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் சுமார் 15,300 கிமீ, 900 கிமீ வேகம்னு வகுத்தா 17 மணி நேரம்தான் வருது. டிக்கெட்ல கிட்டத்தட்ட 19 மணி நேரம் போட்டிருக்கானே?

பதில்: கணக்கு சரிதான் தம்பி. ஆனா 15,300ங்கறது உருண்டை மேல நூல் பிடிச்சா வர்ற குறைஞ்ச தூரம், அந்தக் கோடு வடதுருவத்த ஒட்டிப் போகும், விமானம் பெரும்பாலும் அதுல போறதில்ல, பசிபிக் மேல பின்காத்து நல்லா இருந்தா நிறைய கிலோமீட்டர் கூட சுத்தினாலும் அதுதான் சீக்கிரம்னு அந்தப் பக்கம் திருப்பிடுவாங்க. அதோட டிக்கெட் நேரம் பறக்குற நேரம் மட்டும் இல்ல, இந்தக் கேட்ட விட்டுக் கிளம்பி அந்தக் கேட்ல நிக்கிற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசைல காத்திருக்கிறது எல்லாம் சேத்துதான். லேட்டுன்னு பேர் வரக்கூடாதுன்னு கொஞ்சம் கூட்டியும் போடுவாங்க. "இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு பெருமையா மைக்ல சொல்றாங்கள்ல, அதுல பாதி இந்த வித்தைதான்.

கேள்வி: பூமி கிழக்கால சுத்துது, அப்போ மேற்கால போனாதான சீக்கிரம் போகணும்?

பதில்: காத்தும் பூமியோட சேந்தே சுத்துது சார், அதனால அந்த லாபம் கிடையாது. விஷயம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கிமீ உயரத்துல மேற்குல இருந்து கிழக்கால ஆறு மாதிரி ஓடுற காத்து. லண்டன்ல இருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் பக்கம், திரும்பி வர ஏழுக்குள்ள. 2020 பிப்ரவரில ஒரு புயல் காத்து தள்ளி, நியூயார்க் டு லண்டன் ஒரு ஜம்போ 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு!

கேள்வி: ஆக்லாந்துல ராத்திரி 8க்கு ஏறினா லாஸ் ஏஞ்சலஸ்ல அதே நாள் மதியம் இறங்குறாங்களாமே, எப்படி?

பதில்: தேதிக்கோடுதான் காரணம், பசிபிக் நடுவுல போட்டிருக்கிற கற்பனைக் கோடு, அதக் கிழக்கால தாண்டினா தேதி ஒரு நாள் பின்னால போகும். 12 மணி நேரம் உக்காந்தே தீரணும், காலண்டர்தான் பின்னால போகுது.

கேள்வி: ஹெல்சிங்கி–டோக்கியோ முன்னாடி 9 மணி நேரம்தான, இப்ப ஏன் 13?

பதில்: 2022ல இருந்து ரஷ்ய வான்வெளி ஃபின்லாந்து விமானங்களுக்கு மூடியாச்சு, துருவம் பக்கமாவோ தெற்காலயோ சுத்தணும். ஊர் நகரல, வழிதான் போச்சு. அதனாலதான் ஆன்லைன்ல தூரம் காட்டுற கால்குலேட்டர மட்டும் நம்பாதீங்கங்கறேன், அதுக்கு காத்தும் தெரியாது, அரசியலும் தெரியாது.

கேள்வி: அதிகபட்சமா ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எவ்ளோ தூரம் இருக்கலாம்?

பதில்: பூமியோட சுற்றளவு 40,000 கிமீ, அதுல பாதி, சுமார் 20,000. அதுக்கு மேல போனா மறுபக்கமா கிட்ட வந்துடுவீங்க. அவ்ளோ தூரம் நிக்காம போகணும்னா எரிபொருள் மலை மாதிரி ஏத்தணும், அந்த வெயிட்ட தூக்கவே இன்னும் எரிபொருள் வேணும். கொசுறா ஒண்ணு: ஜன்னல் சீட்டு எடுக்காதீங்க, பதினேழு மணி நேரத்துல பக்கத்து ஆள எத்தன தடவதான் எழுப்புவீங்க.