‘கடல் தெரியும்’ என்றால் எங்கிருந்து தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்: கடலோர வாடகை வீடு

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கடல் கிடையாது. அதனாலோ என்னவோ, கடலோரத்தில் வீடு பிடிப்பது பற்றித்தான் இந்த முறை அதிகக் கடிதம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

எட்டுப் பேர், இரண்டு இரவு தங்க மாமல்லபுரம் பக்கம் வீடு பார்க்கிறோம். ஒன்றில் ‘சீ வியூ’, இன்னொன்றில் ‘சீ ஃபேசிங்’, மூன்றாவதில் ‘பீச் அக்சஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். வாடகை ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம். எதை எடுப்பது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

மூன்றும் மூன்று சரக்கு. வீட்டின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து கடல் கண்ணில் பட்டால் அது ‘சீ வியூ’. பல வீடுகளில் அந்த மூலை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டு முகப்பு கடல் திசையைப் பார்த்திருந்தால் ‘சீ ஃபேசிங்’. நடுவில் சவுக்குத் தோப்பு நின்றாலும், அடுத்தவர் மதில் நின்றாலும் அந்தப் பெயர் மாறாது. ‘பீச் அக்சஸ்’ என்பது கரைக்குப் போக வழி உண்டு என்பதோடு சரி. அந்த வழி முக்கால் கிலோமீட்டராகவும் இருக்கலாம்.

ஆகவே விளம்பரச் சொல்லை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: எந்தத் தளத்தில், எந்த அறையில், கட்டிலில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரிகிறது? கேட்டுவிட்டு வீடியோ அழைப்பில் கட்டிலிலிருந்து ஜன்னல், அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து மணல் என்று இடையில் நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். புகைப்படத்தை நம்ப வேண்டாம். அகலக் கோண லென்ஸ் பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபமாக்கிவிடும். வீட்டுக்காரரிடம் சரியான இடக்குறி வாங்கி, கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ‘தூரத்தை அளவிடு’ என்பதில் வீட்டிலிருந்து ஈர மணல் வரை நீங்களே அளந்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

கதவைத் திறந்தால் காலடியில் அலை என்கிற வீடு அரிது. அதற்குக் காரணம் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி 2011 அறிவிக்கையின்படி, கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை புதுக் கட்டடங்களுக்குப் பொதுவாகத் தடை. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது.

எங்கள் யோசனை வேறு. நம் கிழக்குக் கரையில் கடலைப் பார்க்க நல்ல நேரம் விடிகாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை. பத்து மணிக்கு மேல் தண்ணீர் கண்ணைக் கூசும், திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளேதான் உட்காருவீர்கள். இந்த இரண்டரை மணி நேரத்துக்காக வாடகையை இரட்டிப்பாக்குவதைவிட, கரையிலிருந்து 200, 300 மீட்டர் தள்ளி, மரநிழலும் கிழக்குப் பார்த்த மொட்டை மாடியும் உள்ள வீட்டை எடுங்கள். எட்டுப் பேருக்கு இரண்டு கழிப்பறையாவது வேண்டும். காலையில் அதன் அருமை கடல் காட்சியைவிடப் பெரிதாகத் தெரியும்.

மே மாதம் பள்ளி விடுமுறை. கடற்கரை குளுகுளுவென்று இருக்கும்தானே?
– வாசகர், ஓசூர்

இருக்காது. நீங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பவர். ஓசூர் வெயிலில் வேர்வை காய்ந்துவிடும். கடலோரத்தில் ஈரக்காற்று அதைக் காயவிடாது. மே மாதத்தில் நிலம் நன்றாகச் சூடேறிய பிறகுதான், பெரும்பாலும் நண்பகலையொட்டி, கடல்காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஓங்கியிருக்கும் நாளில் அது இன்னும் தாமதிக்கும், சில நாள் வராமலே போகும்.

ஜனவரி முதல் மார்ச் நடு வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். அப்போது முன்பதிவு செய்தால், புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால் ஏசி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், ஓடுகிறதா என்றும் கேளுங்கள். உப்புக்காற்று வெளியே உள்ள யூனிட்டின் காயிலை அரித்துவிடும். அது சத்தம் போடும், குளிராது. ஓடவிட்டு வீடியோ அனுப்பச் சொல்வதில் தப்பில்லை.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. ஃபைபர் படகில் வரும் மீன் கிடைக்கும், ஆனால் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு நெத்திலி வாங்கி வருவீர்கள்.

மாமல்லபுரமா, புதுச்சேரியா? காரில் போகிறோம். கூட வயதானவர்களும் இரண்டு குழந்தைகளும்.
– வாசகர், பென்னாகரம்

சாலைக் கணக்கு முதலில். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 210 கிலோமீட்டர். நீங்கள் தருமபுரி, அரூர் வழியாக ஊத்தங்கரையில் இந்தச் சாலையைப் பிடிக்கலாம். மாமல்லபுரத்துக்கு வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி கிருஷ்ணகிரியிலிருந்து 250 கிலோமீட்டர் அளவுக்கு வரும். பெரும்பகுதி நாற்கர, அறுகரச் சாலை என்பதால் வயதானவர்களுக்கு இடுப்பு வலி குறைவு.

பௌர்ணமி நிலவைக் கடலில் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் திருவண்ணாமலை வழியை எடுத்தால், கிரிவலக் கூட்டத்தில் நிலவை அங்கேயே பார்த்து முடிப்பார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் மாலை கரையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். நிலவு முந்தின நாளைவிட முக்கால் மணி நேரம் போலத் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு எழும். காட்சியும் அன்றுதான் அழகு.

குழந்தைகள் இருப்பதால் எங்கள் ஓட்டு மாமல்லபுரத்துக்கு. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் ஒரே ஊருக்குள். கோயிலுக்கும் ரதத்துக்கும் ஒரே டிக்கெட், 15 வயதுக்குக் கீழே இலவசம். காலை ஏழரைக்குள் ரதங்களுக்குப் போய்விடுங்கள். அங்கே நிழல் குறைவு, மணலும் கல்லும் சீக்கிரம் சுட ஆரம்பித்துவிடும். வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. இன்னும் மேலே வடநெம்மேலி முதலைப் பண்ணை. அதற்கும் வடக்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. அங்கே தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், வயதானவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள். வார நாளில் வாடகை குறைவு என்று ஞாயிறு மாலை போய்ச் செவ்வாய் திரும்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை.

புதுச்சேரிதான் என்றால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். 1980களின் கடைசியில் கட்டிய துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரிந்தது. அதனால் நகருக்கு வடக்கே, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம், ‘பீச் ஹவுஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் சில வீடுகளுக்கு முன்னால் கடல் இருக்கிறது, கற்குவியல் இருக்கிறது, குழந்தை கால் வைக்க மணல் இல்லை. முகவரியில் புதுச்சேரி என்று போட்டாலும் அந்தப் பகுதி விழுப்புரம் மாவட்டம். ‘இன்றைக்கு எடுத்த கரைப் படம் ஒன்று அனுப்புங்கள்’ என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். மணல் வேண்டுமானால் தெற்கே சுண்ணாம்பாறு படகுத் துறைக்குப் போய், அங்கிருந்து படகில் பாரடைஸ் கடற்கரைக்குப் போகலாம்.

நாங்களே சமைத்துக்கொள்ளப் போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகி, அரூர்

பாத்திரத்தைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை. கரையோரப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கலந்தது. அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது, டீ ருசிக்காது, சோப்பு நுரைக்காது. எட்டுப் பேருக்கு வெயில் காலத்தில் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 24 லிட்டர், சோறு, குழம்பு, காபிக்கு 10 முதல் 12 லிட்டர். ஆக நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. இரண்டு இரவுக்கு நான்கு, அவசரத்துக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முந்தின நாளே சொல்லி இறக்கிவைக்கச் சொல்லுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தேடினால் கிடைக்காது. அரிசி கழுவ முதல் இரண்டு தண்ணீர் குழாயில் போகலாம், கடைசித் தண்ணீரும் உலைத் தண்ணீரும் கேனிலிருந்து. தலைக்குக் குளித்த பிறகு கடைசிச் சொம்பு நல்ல தண்ணீராக இருந்தால் முடி பிசுபிசுக்காது.

அடுப்பு மஞ்சளாக எரிந்தால், பர்னர் துளையில் உப்புத் துரு அடைத்திருக்கும். அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, பர்னர் ஆறியதும் கழற்றி ஊசியால் குத்தித் தட்டுங்கள். லைட்டர் அங்கே வேலை செய்யும் என்று நம்பாமல் தீப்பெட்டி எடுத்துப் போங்கள், அதையும் டப்பாவில் போட்டு. முறுக்கும் அப்பளமும் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் நமுத்துவிடும். குக்கரை அதன் வளையத்தோடு சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது. ராகி மாவை எடுத்துப் போகிறவர்கள் களி கிண்டத் துடுப்பையும் சேர்த்துக் கட்டுங்கள். வாடகை வீட்டில் வறுவலுக்கான நான்ஸ்டிக் சட்டிதான் இருக்கும், அதில் களி கிண்டினால் பூச்சு உரிந்து முன்வைப்புத் தொகையில் பிடிப்பார்கள்.

மீனைக் காலையில் ஃபைபர் படகு கரை சேரும் நேரத்தில் வாங்குங்கள். மொத்தமாக ஏலம் போவதில் நாம் நுழைய முடியாது. பக்கத்திலேயே கூறு வைத்து விற்கும் பெண்களிடம் வாங்கலாம், சொன்னால் அரிந்தும் தருவார்கள். செவுள் சிவப்பாக, கண் குழி விழாமல் இருக்க வேண்டும். நம் அணை மீனுக்குப் பழகிய நாக்குக்குச் சங்கரா ஒத்துப்போகும்.

கிணற்றிலும் கே.ஆர்.பி. அணைப் பக்கத்திலும் நீந்திப் பழகிய பிள்ளைகள். கடலில் இறக்கலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

கிணற்று நீச்சல் கடலில் உதவும் என்ற தைரியம்தான் ஆபத்து. கிணற்றுத் தண்ணீர் உங்களை எங்கும் இழுத்துப் போகாது. கடலில், அலை உடைந்து கரையேறிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்காலைத் தேடிக்கொள்ளும். அதுதான் இழுப்பு. கரையிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியும்: இருபுறமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ இருக்கும். ‘இங்கே அமைதியாக இருக்கிறது’ என்று எல்லோரும் இறங்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இழுப்பு ஆளை ஆழத்துக்குள் அமுக்காது, கடலுக்குள் தள்ளிப் போகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர்கள்தான் களைத்து மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாக வடக்கோ தெற்கோ நகர்ந்து, இழுப்பு விட்டதும் அலையோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும். காப்பாற்றப் போகிறவர் காலிக் கேனோ கயிறோ இல்லாமல் இறங்கக் கூடாது. இரண்டு உயிர் போவது அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை ஒட்டிப் பாறைகள் கிடக்கின்றன, அங்கே இறங்கவே வேண்டாம். சொறி மீன் பட்டு எரிந்தால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை ஏடிஎம் கார்டு போன்ற அட்டையால் எடுத்துவிடுங்கள். மூச்சு திணறினால் 108. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093.

வாடகை முழுவதையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, பாலக்கோடு

பயப்படத்தான் வேண்டும். ஒரே வீட்டுப் படத்தை வேறு பெயரில் போட்டுப் பணம் பறிப்பது நடக்கிறது. படத்தைக் கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள், அதே வீடு இன்னொரு ஊரில் வந்தால் விட்டுவிடுங்கள். வீடியோ அழைப்புக்கு மறுக்கிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி சாவி வாங்கும்போது என்று பேசுங்கள். ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்’ என்றால் மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. அடையாளத்துக்கு, முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகலைக் கொடுங்கள்.

வரி சேர்த்த வாடகையா என்றும் கேட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள இடங்களில் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்), அதற்கு மேல் 18 சதவீதம். முழு வீட்டை ஒரே அலகாக 12,000 ரூபாய்க்கு எடுத்தால் 2,160 ரூபாய் கூடும்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாமா?
– வாசகர், பர்கூர்

இந்தக் கரையில் உதயம் மட்டும். மே கடைசியில் 5.45க்குள், ஜனவரியில் ஆறரையை ஒட்டி.

இரவில் மணலில் தீ மூட்டி உட்காரலாமா? வீட்டுக்காரர் விளக்கைக்கூட அணைக்கச் சொல்கிறாராம்.
– வாசகர், மத்தூர்

சரியாகத்தான் சொல்கிறார். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கும். வீட்டு விளக்கோ தீயோ எரிந்தால் ஊர்ப்பக்கம் திரும்பிப் போய்ச் செத்துவிடும். மாடியில் உட்காருங்கள், இருட்டில்.

கோவளத்தில் மலிவாக ஒரு வீடு கிடைத்தது, எடுக்கலாமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

எந்தக் கோவளம்? மாமல்லபுரம் போகும் வழியில் ஒன்று, கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் ஒன்று, கன்னியாகுமரி பக்கத்திலும் ஒன்று. பணம் கட்டுவதற்கு முன் பின்கோடைப் பாருங்கள். 603 என்று தொடங்கினால் உங்களுக்கு வேண்டிய ஊர்.