கோபாலிலிருந்து ஜாவாவுக்குப் போகிறவர் கவனத்துக்கு

கேள்வி: பல வருடங்களாக ஒரு வெளிநாட்டு வங்கியின் கோபால் (COBOL என்ற பழைய கணினி மொழி) புரோகிராம்களைப் பராமரித்து வருகிறேன். இப்போது எல்லாவற்றையும் ஜாவா (Java) மொழிக்கு மாற்றச் சொல்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இது வருமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகர், சென்னை

பதில்: தாராளமாக வரும். ஜாவாவை எழுதப் பழகுவதெல்லாம் சில மாத வேலை, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டியது காசுக் கணக்கை.

கோபாலில் ஒரு தொகையை அறிவிக்கும்போதே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று சொல்லிவிடுகிறோம், கோபால் ஓடும் பெரிய கணினியான மெயின்ஃபிரேமும் அதைத் தசம எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. ஜாவாவில் யாராவது அதே தொகையை டபுள் (தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகை) என்று போட்டுவிட்டால் 0.1-ம் 0.2-ம் சேர்ந்து 0.30000000000000004 ஆகிவிடும். ஒரு கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது, ஆனால் லட்சக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போட்டு மாதக் கடைசியில் மொத்தம் பார்க்கும்போது இடிக்கும். பணம் என்றால், தசமங்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் வகைதான். அதையும் "0.1" என்று எழுத்துச்சரமாகக் கொடுத்து உருவாக்குங்கள், டபுளிலிருந்து உருவாக்கினால் அதே பிழை கூடவே வந்துவிடும்.

இதைவிட வம்பானது ரவுண்டிங். கோபாலில் ரவுண்டட் என்று எழுதாவிட்டால் மிச்ச இலக்கங்கள் சத்தமில்லாமல் வெட்டுப்படும், இடையில் ஒரு ஃபீல்டில் போட்டுவைத்த தொகையும் அங்கேயே வெட்டுப்பட்டிருக்கும். வங்கி இத்தனை காலம் வட்டி கொடுத்துவந்தது அந்தக் கணக்குப்படிதான். புது டீமில் ஒருவர் நல்லெண்ணத்தோடு எல்லா இடத்திலும் ஹாஃப் அப் (பாதியோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்றுவது) போட்டால் வாடிக்கையாளரின் தொகையே மாறிவிடும். அதனால் எந்த வரியில் ரவுண்டட் இருக்கிறது, எதில் இல்லை என்று இப்போதே உட்கார்ந்து குறித்துவையுங்கள். உங்களை மாதிரி ஆள்தான் இதைச் செய்ய முடியும்.

அப்புறம் வரிசைப்படுத்துதல். எழுத்துகளையும் எண்களையும் குறிக்க மெயின்ஃபிரேம் பயன்படுத்தும் எப்சிடிக் (EBCDIC) முறையில் எழுத்துகள் முன்னால், எண்கள் பின்னால் வரும், ஜாவாவில் நேர் தலைகீழ். கணக்கு எண்ணில் இரண்டும் கலந்திருந்து, ஒரு ஃபைல் பழைய வரிசையிலும் இன்னொன்று புது வரிசையிலும் வந்தால், இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பேட்ச் வேலை (மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் வேலை) பாதி ரெக்கார்டுகளைக் காணவில்லை என்று சொல்லும்.

பழையதையும் புதியதையும் ஒரே இன்புட் கொடுத்து பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, வெளிவருவதை பைசா சுத்தமாக ஒப்பிடுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டு சரி என்று கையெழுத்துப் போடாதீர்கள், மாதக் கடைசி, காலாண்டு, ஆண்டு முடிவு மூன்றையும் தாண்டியாக வேண்டும். மேலதிகாரிகள் அவசரப்படுத்துவார்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: தானாகவே மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றனவே, அவை போதாதா?
- வாசகி, கோவை

பதில்: ஓடும் புரோகிராம் கிடைக்கும். ஆனால் கோபாலின் பழைய பாராகிராஃப்கள் (பெயரிட்ட கட்டளைத் தொகுதிகள்), எங்கிருந்தும் யாரும் மாற்றக்கூடிய வேரியபிள்கள் எல்லாம் ஜாவா வேடத்தில் அப்படியே இருக்கும், ஜாவா படித்து வந்த பிள்ளைகளுக்கும் புரியாது, கோபால்காரர்களுக்கும் புரியாது. முதல் படியாக வேண்டுமானால் கருவியைப் பயன்படுத்தலாம், பிறகு வட்டி, கட்டணம் மாதிரி அடிக்கடி விதி மாறும் பகுதிகளையாவது கையால் திருத்தி எழுதச் சொல்லிப் பணமும் நேரமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.