மெனுவில் சீனி எச்சரிக்கை போடுவதற்கு முன் டின் பாலைக் கணக்குப் பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "காலையில் ரொட்டி, தோசை, நாள் முழுக்கத் தண்ணி (தே, கோப்பி, குளிர்பானம்) ஓடும் கடை. நியூயார்க்கில் படிக்கும் மகள் அங்கே மெனுவில் கரண்டிப் படம் போட்டுச் சீனி எச்சரிக்கை இருப்பதைப் பார்த்துவிட்டு, நம் கடையிலும் போடுங்கள் அப்பா என்கிறாள். இங்கே அப்படிச் சட்டம் இருக்கிறதா? போடுவதென்றால் எதற்கெல்லாம் போடுவது, கணக்கு எப்படிப் பார்ப்பது? போட்டால் வியாபாரம் படுத்துவிடாதா?"

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், ஐயா. மலேசியாவில் உணவகங்கள் மெனுவில் சீனி எச்சரிக்கை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் மகள் பார்த்தது நியூயார்க் நகரத்தின் சட்டம். 2023-இல் நிறைவேற்றினார்கள், 2025-இல் கடைகளில் நடைமுறைக்கு வந்தது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள தொடர் உணவகங்களை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும், ஆக உங்கள் கடை அந்த ஊரில் இருந்திருந்தாலும் அதற்குள் வராது. ஒரு பொருளில் சேர்க்கப்பட்ட சீனி 50 கிராமைத் தாண்டினால் பக்கத்தில் அந்தக் கரண்டிச் சின்னம் போட வேண்டும்.

அந்த 50 கிராம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சீனியிலிருந்து வரக்கூடாது என்ற கணக்கு. அதாவது அது ஒரு முழு நாளுக்கான உச்ச அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னதும் இதே பத்து விழுக்காடுதான், முடிந்தால் அதையும் பாதியாக்கி 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்றும் சேர்த்தே சொன்னது.

எனக்கு இங்கேதான் தயக்கம். அமெரிக்கச் சங்கிலிக் கடைகளில் ஒரு வாளி அளவுக் குளிர்பானத்தில் 50 கிராமை எளிதாகத் தாண்டிவிடுவார்கள், அதனால் அந்தக் கோடு அங்கே வேலை செய்யும். நம் கடைகளில் யாரும் ஒரே மூச்சில் அவ்வளவு சீனியைக் குடிப்பதில்லை. காலையில் ஒரு தே தாரிக் (இனிப்பு டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்), பத்தரைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒரு சிரப் பண்டோங் (ரோஜா சிரப்பும் பாலும்), சாயந்திரம் இன்னொரு தே என்று தவணை முறையில் உள்ளே போகிறது. நியூயார்க் வரம்பை அப்படியே கொண்டுவந்து போட்டால் உங்கள் மெனுவில் அநேகமாக எதற்குமே சின்னம் வராது, வருகிறவர் "பரவாயில்லை, இந்தக் கடையில் எல்லாம் நல்லதுதான்" என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது கிளாஸ் கேட்பார். இப்படி ஒரு சின்னம் போடுவதைவிடப் போடாமலிருப்பது நல்லது.

சரி, உங்கள் கிளாஸில் என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடிப்போம். ஆய்வுக்கூடம் தேவையில்லை. தண்ணி கலக்குபவரிடம் போய் எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்று கேட்காதீர்கள், கை ஒவ்வொரு நேரமும் ஒரு மாதிரி போகும், அவரே அறியமாட்டார். டின்னை எண்ணுங்கள். ஒரு வாரம் இனிப்பு டின் பால் எத்தனை டின் காலியானது, அந்த வாரம் அந்தப் பால் ஊற்றிய தே, கோப்பி எத்தனை கிளாஸ் விற்றது என்று பில்லைப் பார்த்து வகுத்துவிடுங்கள். டின்னின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சீனி என்று அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஏறக்குறைய பாதி இருக்கும். 500 கிராம் டின், அதில் 250 கிராம் சீனி, ஒரு டின்னுக்கு பத்து கிளாஸ் என்று வைத்துக்கொண்டால் கிளாஸுக்கு 25 கிராம் வந்துவிடுகிறது. பாலில் இயல்பாகவே உள்ள இனிப்பும் அந்த எண்ணில் கொஞ்சம் கலந்திருக்கும், ஆனால் இங்கே விற்கும் டின்களில் பெரும்பாலானவை பாமாயில் சேர்த்த இனிப்பு கிரீமர் என்பதால் அந்தப் பங்கு சின்னது, கழிக்காமலே விடலாம். இதற்கு மேல் வெள்ளைச் சீனியும் போடுகிற பழக்கம் இருந்தால் அந்த மூட்டையையும் இதே மாதிரி வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

250 மில்லி கிளாஸில் 25 கிராம் என்றால் 100 மில்லிக்கு 10 கிராம். இதை எதோடு ஒப்பிடலாம் என்றால், பாட்டிலிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து கலால் வரி போடுகிறதே, அது 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால் விழும். லிட்டருக்கு 40 சென்னில் தொடங்கி, 2024-இல் 50 சென், 2025-இல் 90 சென் ஆகிவிட்டது. வரிக்குப் பயந்து பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்து அந்த 5 கிராமுக்குள் வந்துவிட்டன. கடையில் கலக்கித் தரும் தே அந்த வரிக்குள் வராது, அதனால் அது மட்டும் பழையபடியே இருக்கிறது. நீங்கள் ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் குளிர்பானத்தைவிட உங்கள் தே தாரிக் இரண்டு மடங்கு இனிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு, இது பல கடைக்காரர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

நீங்கள் ஒரு மாதிரியைப் பின்பற்றுவதாக இருந்தால் நியூயார்க்கைவிடப் பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே நியூட்ரி-கிரேட் என்று ஏ, பி, சி, டி தரம். 2022 டிசம்பர் கடைசியில் அடைக்கப்பட்ட பானங்களுக்கு வந்தது, 2023 டிசம்பர் கடைசியில் கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்துவிட்டது. 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி, இந்த இரண்டையும் மெனுவில் காட்டியே ஆக வேண்டும் (நிறைவுற்ற கொழுப்பையும் பார்ப்பார்கள், சின்னக் கடைகளுக்கு விலக்கும் உண்டு). மேலே கணக்குப் போட்ட தே அங்கே சி, கை கொஞ்சம் தாராளமாகப் போனால் டி.

ஆனால் எழுத்துத் தரத்தைவிட உங்கள் கடைக்கு நான் சொல்வது, விலைக்குப் பக்கத்தில் சீனியின் எடையையே எழுதிவிடுங்கள். "தே தாரிக் – சீனி 25 கிராம், 5 தேக்கரண்டி." ஒரு தேக்கரண்டி சீனியை 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் போதும். கரண்டிக் கணக்கு என்றால் நம் அம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் உடனே புரியும். அதற்குக் கீழேயே தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாதது), தே சி கோசோங் (சீனியில்லாத பால் தே) இரண்டுக்கும் பக்கத்தில் "சேர்த்த சீனி 0" என்று போடுங்கள், ஏனென்றால் எச்சரித்துவிட்டு வேறு வழி காட்டாமல் விட்டால் வருகிறவர் என்ன செய்வார்? தே சி-க்கு ஊற்றும் இனிப்பில்லாத டின் பாலில் உள்ளது பாலின் சொந்த இனிப்பு, அது சேர்க்கப்பட்ட சீனிக் கணக்கில் வராது. தேன், கருப்பட்டி, குலா மெலாகா (தென்னங்கருப்பட்டி) எல்லாம் வரும், இயற்கையானது என்று விட்டுவிட முடியாது. பழச்சாறு கொஞ்சம் சிக்கல். அமெரிக்கக் கணக்கில் சுத்தமான சாறு சேர்க்கப்பட்ட சீனி ஆகாது, உலகச் சுகாதார நிறுவனமோ அதையும் குறைக்க வேண்டிய சீனியில்தான் வைக்கிறது. நீங்கள் சாற்றில் சிரப் ஊற்றினால் அந்தச் சிரப்பை மட்டும் எண்ணுங்கள்.

ஐஸ் போட்ட தண்ணிகளைத் தனியாகக் கணக்குப் பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும், ஐஸ் கரையவும் செய்யும், அதனால் தே ஐஸுக்கும் மிலோ ஐஸுக்கும் கலக்குபவர் தானாகவே கூடுதலாக ஊற்றுவார். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பது அதைவிடப் பெரிய அளவு. பாயசம் சுலபம், அண்டாவில் போட்ட வெல்லத்தை எத்தனை கிண்ணம் வந்ததோ அதால் வகுத்தால் போதும். குலாப் ஜாமூனில் பாகு மிஞ்சும் என்பதால் துல்லியமாக வராது, தோராயமாக எழுதினால் தப்பில்லை. நாசி லெமாக் சம்பலிலும் பசம்போர் குழம்பிலும்கூடக் கைநிறையச் சீனி போகிறது, காரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

வியாபாரம் பற்றி. கடையைக் காப்பாற்றும் வழி எச்சரிக்கையில் இல்லை, கேட்காமல் கொடுக்கும் அந்த வழக்கமான கிளாஸில் இருக்கிறது. இப்போது கூராங் மானிஸ் (இனிப்புக் குறைவாக) என்று வாய் திறந்து கேட்டால்தான் குறைக்கிறார்கள், அதுவும் எவ்வளவு என்பது கலக்குபவரின் மனநிலையைப் பொறுத்தது. இதைத் திருப்பிப் போடுங்கள், குறைந்த இனிப்பே வழக்கம், கூடுதல் வேண்டுமென்பவர் கேட்கட்டும். ஒரேயடியாகச் செய்தால் கத்துவார்கள். கையை நம்பாமல் ஓர் அளவுக் கரண்டியைக் கட்டிவிட்டு, ஒரு டின்னுக்குப் பத்து கிளாஸ் என்பதை 12, சில வாரம் கழித்து 14 என்று ஆக்குங்கள், குறையும் கெட்டித்தன்மைக்கு இனிப்பில்லாத டின் பாலை ஊற்றிக்கொள்ளுங்கள். 25 கிராம் 18-க்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு 140 கிளாஸ் ஓடும் கடையில் 14 டின் போன இடத்தில் 10 டின், அது நேராக உங்கள் கல்லாவில் தெரியும். குறைத்த பிறகு எடையை எழுதிப் போட்டால் மெனுவைப் பார்த்து யாரும் மிரளமாட்டார்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2023 தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்கள்தான் முன்னால் நிற்கிறோம். உங்கள் கடையில் உட்காருகிறவர்கள் இவர்கள்தான்.

எழுதும்போது ஒரு கவனம். "சீனி குறைவு", "சீனி இல்லாதது" போன்ற வார்த்தைகளுக்கு 1985 உணவு விதிமுறைகளில் அளவு வைத்திருக்கிறார்கள், அதைச் சரிபார்க்காமல் போர்டில் போடாதீர்கள். வெறும் எடை எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது" என்று எந்தக் காரணம் கொண்டும் எழுத வேண்டாம், தேயின் சீனியைக் குறைத்துவிட்டு நாலு ரொட்டி சானாய் வைக்கிற இடத்தில் அது பொய்யாகிவிடும்.

அப்புறம் வேலையாட்களிடம் இதையும் சொல்லி வையுங்கள். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் கடையில் வேர்த்து நடுங்கி, சீனி இறங்கிவிட்டது, இனிப்பாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் யாரும் புத்திமதி சொல்லக்கூடாது. மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீரோ சிரப் தண்ணீரோ உடனே கொடுக்க வேண்டும், பால் கலந்த தே வேண்டாம், அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். மயங்கிவிட்டார் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-க்கு அழையுங்கள்.